வானம் பார்க்க எந்தக் கருவி?

நுழையுமுன்

விண்மீன்களைக் காணும் ஆவல் பிள்ளைகள் பலருக்கும் உண்டு. அந்த ஆவலோடு கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிட்ட படத்தைக் கண்டு கருவியை வாங்கிவிடுகின்றனர். சில வாரங்களில் கருவி பரணுக்கும் ஆவல் மறதிக்கும் போய்விடுகின்றன. எதை வாங்குவது, ஏன் வாங்குவது என்பதை ஒரு மாணவியின் அனுபவத்தோடு இப்பாடம் கூறுகிறது.

பாடம்

பெங்களூரு அல்சூரில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் அந்தக் குடும்பம் வாழ்கிறது. தந்தை மரவேலை செய்பவர். சொந்த ஊர் ஆலங்காயத்தை அடுத்த சிற்றூர். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், உறவினர் கொடுத்த பணத்தையும் பொங்கல் காசையும் இரண்டு ஆண்டுகள் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வைத்திருந்தாள். அதைக் கொண்டு ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும் என்பது அவள் விருப்பம். கடைத்தெருவில் ஒரு பெட்டியை அவள் பார்த்தும் வைத்திருந்தாள். வளையங்களோடு கூடிய சனிக்கோளும் செந்நிற விண்முகிலும் அதன்மேல் பளபளத்தன. '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

தந்தை மறுக்கவில்லை; ஆயினும் தயங்கினார். பெரியப்பா மகன், அதாவது அவளுடைய அண்ணன், மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற கருவியை வாங்கியிருந்தான். முதல் இரவு நிலவைத் தேடினான்; கிடைக்கவில்லை. கிடைத்தபோது அது நடுங்கிக்கொண்டே நழுவி ஓடியது. விண்மீனைத் தேடினான், இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தனக்கு வானியல் வராது என்று முடிவு செய்து கருவியைப் பரணில் ஏற்றிவிட்டான். பணம் போனதைவிட, அவன் அப்படி முடிவு செய்ததே தந்தைக்கு வருத்தமாக இருந்தது.

மாணவி தன் பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடம் சென்று, எந்தத் தொலைநோக்கி வாங்கலாம் என்று கேட்டாள். அவர் விடை கூறாமல் வேறொன்றைக் கேட்டார்.

"கருவி எதுவும் இல்லாமல் வானத்தில் உனக்கு எதையெல்லாம் அடையாளம் காட்டத் தெரியும்?"

அவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவளுடைய ஆயா (வடமாவட்டங்களில் பாட்டியை ஆயா என்றே அழைப்பர்) வடக்கு வானில் ஏழு முனிவர் கூட்டத்தைக் காட்டியிருந்தார். கரண்டிபோல் வளைந்த அந்த ஏழு மீன்களுள் கைப்பிடியின் நடுவில் இருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாக மின்னுவது அருந்ததி. திருமணத்தில் அம்மி மிதித்த பின் மணமக்களுக்குக் காட்டும் மீன் அதுவே. பகலில் நடக்கும் திருமணங்களிலும் 'அருந்ததி தெரிகிறதா?' என்று புரோகிதர் கேட்பதும், தெரியாத மீனைத் தெரிகிறது என்று மணமக்கள் கூறுவதும் இன்றும் நடக்கின்றன. அது வேறு கதை. இரவில் உண்மையாகவே அந்த இரண்டையும் பிரித்துக் காண முடிந்தால் கண்பார்வை நன்றாக உள்ளது என்று பொருள்.

"அப்படியானால் உன்னிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. அதை முதலில் பழகு" என்றார் ஆசிரியர்.

அவர் கூறியதில் வேடிக்கை ஏதுமில்லை. தொலைநோக்கியின் பார்வைப் பரப்பு மிகக் குறுகியது. வானத்தில் எது எங்கே உள்ளது என்று வெறுங்கண்ணால் அறியாதவர், குழாயின் வழியே அதைத் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஊசியின் காது வழியே ஊரைத் தேடுவது போன்றது அது. எனவே தொடக்கநிலையில் ஒரு விண்மீன் வரைபடமும் இருள் பழகிய கண்களுமே போதும். இருளில் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருமுறை கைப்பேசித் திரையைப் பார்த்தாலும் அந்தப் பழக்கம் கலைந்துவிடும். வரைபடத்தைப் பார்க்கச் சிவப்புத்தாள் சுற்றிய கைவிளக்கைப் பயன்படுத்துவது வானம் பார்ப்போர் வழக்கம்.

அடுத்து, அந்த 525.

தொலைநோக்கி எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைக் கணக்கிடுவது எளிது. முகப்பு வில்லையின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் போதும். பரணில் கிடந்த கருவியை அண்ணன் இறக்கிக்கொடுத்தான். அதன் முகப்பு வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர். குவியத் தூரம் 700 மில்லிமீட்டர். உடன் இருந்த கண்ணருகு வில்லைகள் இரண்டு. ஒன்று 20 மில்லிமீட்டர், மற்றொன்று 4 மில்லிமீட்டர். 700ஐ 20ஆல் வகுத்தால் 35 மடங்கு. 4ஆல் வகுத்தால் 175 மடங்கு. பெட்டியில் இன்னுமொரு சிறு குழாயும் இருந்தது. அதைச் செருகினால் உருப்பெருக்கம் மும்மடங்காகும். 175ஐ மூன்றால் பெருக்கினால் 525! பெட்டிமேல் இருந்த எண் பொய்யன்று, ஆனால் பயனற்றது.

ஏன் பயனற்றது? பெரிதாக்குவது தொலைநோக்கியின் இரண்டாம் வேலை. ஒளியைத் திரட்டுவதே அதன் முதல் வேலை. இருளில் நம் கண்மணி ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். அந்த வட்டத்தின் வழியே நுழையும் ஒளியே நமக்குக் கிடைக்கும். 60 மில்லிமீட்டர் வில்லையின் பரப்பு அதைப்போல் 73 மடங்கு. அது திரட்டும் ஒளியும் 73 மடங்கு. அந்த ஒளியை 35 மடங்கு பெரிதாக விரித்தால் உருவம் தெளிவாக இருக்கும். 525 மடங்கு விரித்தால், ஒரு குவளைப் பாலை ஓர் அண்டா நீரில் கலந்தது போலாகிவிடும். எல்லாம் இருண்டு கலங்கிப்போகும். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள பெருக்கத்தின் எல்லை. ஆகவே 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120 மடங்கே உச்சம். அதுவும் காற்று அசையாத இரவில்தான்.

நடுக்கமும் அதே அளவு பெருகும். மெலிந்த முக்காலியின்மேல் நிற்கும் குழாயைத் தொட்டால் நிலவு துள்ளும். புவி சுழல்வதால் விண்மீன்களும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 525 மடங்கில் ஒரு மீன் பார்வைப் பரப்பின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு அரை நிமிடத்திற்குள் ஓடிவிடும். அண்ணனிடம் திறமை இல்லாமலில்லை. 4 மில்லிமீட்டர் வில்லையையும் மும்மடங்குக் குழாயையும் முதல் இரவே செருகிப் பார்த்ததுதான் அவன் செய்த பிழை. அந்தப் பிழையைச் செய்யச் சொன்னது பெட்டி.

இத்தாலி நாட்டுக் கலிலியோ 1610ஆம் ஆண்டு சனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டறிந்தார். அவரது கருவி ஏறத்தாழ இருபது மடங்குதான் பெருக்கியது. முழுநிலவை ஒரே பார்வையில் அடக்கவும் அதனால் முடியவில்லை. இன்று கடையில் கிடைக்கும் நல்ல இருகண்நோக்கி, தெளிவிலும் பார்வைப் பரப்பிலும் அதனை விஞ்சும்.

தொடக்கநிலையில் உள்ளவர்க்கு ஆசிரியர் பரிந்துரைத்ததும் அதுவே. பைனாகுலர் என்று எல்லாரும் அழைக்கும் இருகண்நோக்கியின்மேல் 7×50, 10×50 என இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முகப்பு வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். வானம் பார்ப்பதற்கு இரண்டாம் எண்ணே முதன்மையானது. 50 மில்லிமீட்டர் வில்லை கண்ணைப்போல் ஏறத்தாழ 51 மடங்கு ஒளியைத் திரட்டும். பத்து மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கம் தெரியும். முழங்கைகளை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றியோ, பாயில் மல்லாந்து படுத்தோ பார்த்தால் நடுக்கம் வெகுவாகக் குறையும். உருவம் தலைகீழாகத் தெரியாது. எங்கே பார்க்கிறோம் என்பது குழம்பாது. வானம் பிடிக்காமல் போனாலும் ஏரிக்குப் போய்ப் பறவை பார்க்கலாம். தந்தையை இணங்க வைத்தது இந்தக் கடைசிச் செய்திதான்.

கடையில் சோதிக்கும் முறையையும் ஆசிரியர் கூறினார். வெளியே வந்து, தொலைவிலுள்ள பெயர்ப்பலகை எழுத்துகளைப் பார்க்க வேண்டும். இரட்டையாகத் தெரிந்தாலோ, சிறிது நேரத்தில் கண் வலித்தாலோ இரு குழாய்களும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். அந்தக் கருவி வேண்டா. முகப்பு வில்லை மாணிக்கம்போல் சிவப்பாக மின்னினால் அதுவும் வேண்டா. ஒளியின் ஒரு பகுதியை அந்தப் பூச்சே திருப்பி அனுப்பிவிடும். பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புடைய மலிவுக் கருவிகளையும் விலக்கலாம். இரு கண்களின் இடைவெளிக்கு ஏற்பக் குழாய்களை மடக்கி விரிக்க வேண்டும். நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்கும், பின் வலக்குழாயின் வளையத்தால் வலக்கண்ணுக்கும் தெளிவைச் சரிசெய்ய வேண்டும். பலர் இந்த வளையம் எதற்கென்றே அறியாமல் ஆண்டுக்கணக்கில் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

பெங்களூருவின் மாடியிலிருந்து என்ன தெரியும்? நகர விளக்கொளி வானத்தில் பரவி மங்கலான மீன்களை விழுங்கிவிடுகிறது. பால்வீதியைக் காண இயலாது. ஆனால் நிலவுக்கும் கோள்களுக்கும் விளக்கொளியால் இடையூறு இல்லை. அவை போதிய ஒளி உடையவை. நிலவைப் பார்க்க முழுநிலவு நாளைவிட அரைநிலவு நாளே சிறந்தது. ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். சனியின் வளையத்தைப் பிரித்துக் காணப் பத்து மடங்கு போதாது. முப்பது மடங்கேனும் பெருக்கும் தொலைநோக்கி வேண்டும். சூன் முதல் அக்டோபர் வரை மேகமே வானத்தை ஆளும். திசம்பர் முதல் மார்ச்சு வரையே இந்நகரத்தில் வானம் பார்ப்பதற்கு ஏற்ற பருவம்.

விளக்கொளியிலிருந்து விலகிச் செல்ல வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அறிவியலறிஞர்களும் அதே காரணத்திற்காக இடம் தேடி அலைந்தனர். அவ்வாறு அலைந்தவர் தேர்ந்தெடுத்த இடம், மாணவியின் ஊருக்கு மேலே உள்ள மலையிலேயே இருக்கிறது.

1927ஆம் ஆண்டு சென்னையில் பிறந்தவர் வைணு பாப்பு. அவருடைய தந்தையார் ஐதராபாத்து நிசாமியா வானோக்கு நிலையத்தில் பணியாற்றியவர். ஆதலால் இளமையிலேயே தொலைநோக்கியோடு பழகினார். அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, 1949இல் ஒரு வால்மீனைக் கண்டறிந்தார். அது அவர் பெயரையும் மற்ற இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1960இல் கொடைக்கானல் வானோக்கு நிலையத்தின் பொறுப்பை ஏற்றார். கதிரவனை ஆராய்வதற்கென அமைந்த நிலையம் அது. இரவு வானத்தை ஆராயக் கொடைக்கானல் மேகங்கள் இடம் தரவில்லை. தெற்கே தொலைவிலுள்ள விண்மீன்களும் தெரிய வேண்டும். நகர விளக்குகள் எட்டாமலிருக்க வேண்டும். மேகம் குறைவாக இருக்க வேண்டும். இவற்றுக்கேற்பத் தேடி, சவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968இல் பணி தொடங்கியபோது நிறுவப்பட்டது 38 சென்டிமீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி. வெளிநாட்டிலிருந்து வந்ததன்று, இங்கேயே செய்தது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உள்ளன என்பதற்கான சான்று அக்கருவியிலும் பதிவாயிற்று.

பாப்பு அத்துடன் நிற்கவில்லை. 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடி கொண்ட தொலைநோக்கியை இந்தியாவிலேயே உருவாக்க முனைந்தார். அந்த ஆடியைத் தேய்த்து மெருகேற்றும் பணி நடந்த இடம் பெங்களூரு. கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். ஒளியின் அலைநீளத்தில் சிறு பகுதி அளவுகூட வளைவு பிசகாமல் தேய்க்க வேண்டும். ஆண்டுகள் பல ஆயின. பணி முடியுமுன் 1982இல் பாப்பு மறைந்தார். 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அந்தத் தொலைநோக்கிக்கும் காவலூர் நிலையத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய ஆடி, மனிதக் கண்ணைவிட ஒரு லட்சத்துப் பத்தாயிரம் மடங்குக்கும் மேலாக ஒளியைத் திரட்டுகிறது. காவலூரின் மற்றொரு கருவியால் 1988இல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குக் கணித மேதை இராமானுசன் பெயர் இடப்பட்டுள்ளது.

அங்கும் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்று எவரும் கேட்பதில்லை. ஆடியின் விட்டம் எவ்வளவு என்றே கேட்பர்.

இருகண்நோக்கியில் ஓர் ஆண்டேனும் பழகிய பின் தொலைநோக்கி வாங்குவோர்க்கு இரு வழிகள் உண்டு. முகப்பில் வில்லை உடையது ஒருவகை. அடியில் குழியாடி உடையது மற்றொரு வகை. சிறிய அளவில் வில்லைவகை பராமரிக்க எளிது. ஒரே பணத்திற்குப் பெரிய விட்டம் வேண்டுமென்றால் ஆடிவகையே கிடைக்கும். முக்காலிக்கு மாறாக, தரையில் சுழலும் மரப்பெட்டியின்மேல் குழாயை அமர்த்தும் எளிய முறையைப் பரப்பியவர் அமெரிக்கரான சான் தாப்சன். ஒட்டுப்பலகையும் மரவேலை தெரிந்த கையும் இருந்தால் அந்தத் தாங்கியை வீட்டிலேயே செய்துவிடலாம். இதைக் கேட்ட தந்தை ஆசிரியரிடம் அளவுகளை எழுதி வாங்கிக்கொண்டார்.

எந்தக் கருவியாயினும் ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. அதன் வழியே கதிரவனைப் பார்த்தால் நொடிப்பொழுதில் விழித்திரை எரிந்துபோகும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் எரிவது தெரியவும் தெரியாது. போன பார்வை திரும்பாது. மலிவுக் கருவிகளோடு வரும், கண்ணருகே திருகும் கறுப்புக் கண்ணாடியை நம்பலாகாது. வெப்பத்தில் அது வெடிக்கக்கூடும். அண்ணனின் பெட்டியிலும் ஒன்று இருந்தது. ஆசிரியர் அதை எடுத்து உடைத்துக் குப்பையில் போட்டார்.

மாணவி 10×50 இருகண்நோக்கி வாங்கினாள். குறைந்த பணத்தைத் தந்தை சேர்த்தார். அண்ணனின் தொலைநோக்கிக்கு ஒரு காசும் செலவாகவில்லை. முக்காலியின் கால்களை முழுதும் நீட்டாமல் குட்டையாக்கி, நடுவில் மணல் நிரப்பிய பையைக் கட்டித் தொங்கவிட்டனர். 4 மில்லிமீட்டர் வில்லையை ஒதுக்கிவிட்டு 20 மில்லிமீட்டர் வில்லையைப் பொருத்தினர். அன்றிரவு அல்சூர் மாடியில் வியாழனும் அதன் அருகே ஒரே வரிசையில் சிறு புள்ளிகள் நான்கும் தெரிந்தன. அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்கழி விடுமுறையில் குடும்பம் ஊருக்குச் சென்றது. நிலவில்லாத இரவு. உச்சிக்கருகே கார்த்திகை நின்றது. வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்கள். இருகண்நோக்கியில் எண்ணி முடியாத அளவுக்கு நீலமும் வெண்மையுமாய்ச் சிதறிக் கிடந்தன. ஆயாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஆறையும் எண்ணியவர், இப்போது கண்ணாடி போட்டாலும் ஒரு புகைப்படலமாகவே தெரிகிறது என்று சொல்லி வானம் பார்ப்பதையே விட்டிருந்தார்.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு கண்ணு, நீ பாரு" என்று கருவியைத் தள்ளினார்.

மாணவி விடவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். ஆயாவின் முழங்கைகளைத் திண்ணைச் சுவரில் ஊன்றவைத்தாள். நடுச்சக்கரத்தை மெல்லத் திருப்பினாள். பிறகு வலக்குழாயின் வளையத்தை.

"நிறுத்து, நிறுத்து. அதே இடத்துல வச்சிரு" என்றார் ஆயா. உதடுகள் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார். ஆறைத் தாண்டிய பின்னும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

பனி இறங்கி வில்லை மங்கும்வரை மாணவிக்குக் கருவி திரும்பக் கிடைக்கவில்லை.

சொல்லும் பொருளும்

பரண் – வீட்டில் பொருள்களை வைக்கும் மேல்தட்டு
விண்முகில் – விண்வெளியில் உள்ள வளிமத் திரள்
குவியத் தூரம் – வில்லைக்கும் அது ஒளியைக் குவிக்கும் புள்ளிக்கும் இடையிலுள்ள தொலைவு
உருப்பெருக்கம் – உருவம் பெரிதாகத் தோன்றும் அளவு
ஆடி – கண்ணாடி. இங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடி
அண்டா – வாயகன்ற பெரிய பாத்திரம்
கண்புரை – கண்ணின் வில்லை மங்கும் நோய்

பயிற்சி

1. 'பெட்டிமேல் இருந்த எண் பொய்யன்று. ஆனால் பயனற்றது' – இத்தொடரைக் கணக்குடன் விளக்குக.

2. குவியத் தூரம் 900 மில்லிமீட்டர், விட்டம் 70 மில்லிமீட்டர் உடைய தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் கண்ணருகு வில்லையைப் பொருத்தினால் உருப்பெருக்கம் என்ன? அக்கருவியின் பயனுள்ள பெருக்கத்தின் எல்லை என்ன?

3. வைணு பாப்பு காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்களைச் சொந்த நடையில் எழுதுக.

4. தங்கள் ஊரில் விண்மீன்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களை வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டு எழுதுக. எந்த மாதத்தில், எந்தத் திசையில் அவை தெரியும் என்பதையும் கேட்டறிக.

5. பிரித்து எழுதுக: விளக்கொளி, கண்ணருகு, வெறுங்கண், குழியாடி.

6. அண்ணன் அன்றிரவு தன் நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பான்? பத்து வரிகளில் எழுதுக.